பழந்தளபாடமும் பாழ்விலையும்

விழா எடுக்குங் காலத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், ஒட்டடை நீக்குவதும், உடைந்தனவற்றை அப்புறப்படுத்துவதும் நம்மவர் வழக்கம். கல்லூரியும் ஒரு பெரிய வீடேயாதலின், இவ்விழாவை முன்னிட்டு அங்கும் அவ்வேலைகள் நடைபெறுகின்றன. புதிய மண்டபத்துக்கு இரும்புக்கால் பூட்டிய மேசைகளும் பிளாஸ்ரிக் கதிரைகளும் வந்திறங்கியுள்ளன. பழையனவோ களஞ்சிய அறையின் பின்புறத்தே மழையும் வெயிலும் படுமாறு குவிக்கப்பெற்றுள்ளன. பொருட் கணக்கெடுப்பிற் கழிக்கத்தக்கவை என்று குறிக்கப்பெற்று ஏலத்துக்குச் செல்லவிருப்பன இவையே என்று அறிகின்றேன். அங்ஙனம் கழிக்குமுன் ஒவ்வொன்றையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். கவிழ்த்துப் பார்த்தல் என்று சொல்லியது அணிநயம் கருதியன்று. தளபாடம் ஒன்றின் வரலாறு அதன் முகத்திலன்று, அடிப்புறத்திலேயே தெளிவாகக் காணப்படும்.

தமிழாசிரியனுக்குத் தச்சுத் தொழிலில் என்ன அலுவல் என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். சொல்லாராய்ச்சியே என்னை இத்துறைக்கு இட்டுச் சென்றது. கட்டில், மணை, முக்காலி, பெட்டகம் என்பன நம் சொற்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, சாவி என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. லாச்சி ஒல்லாந்தர் தந்தது. இவர்களுக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட ஆங்கிலேயரிடமிருந்து நம் வீட்டுத் தளபாடத்துக்கு வந்த பெயர்களோ மிகச் சில. அவர்களுடைய கதிரைகள் இங்கு வந்திறங்கியபோது, அவற்றை இட்டு வழங்குதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் முன்னரே இருந்தன. சொற்கள் இருந்தன, அவற்றைச் செய்யவல்ல கைகளும் இருந்தன. இதனை மனத்திற் கொண்டாலன்றி, விக்ரோரியா காலத்துத் தளபாடம் என்று இன்று பலரும் விலைபேசும் பொருளை நம் நாட்டில் இனங்காணல் இயலாது.

விக்ரோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை அரசோச்சினார். அந்த அறுபத்து நான்கு ஆண்டுகளுள் இங்கிலாந்திலே தளபாடத்தின் வடிவம் பலமுறை மாறியது. பழைய தேவாலயக் கோபுரங்களைப் பார்த்துச் செய்த கூர்வளைவுகள் ஒருபால், பிரெஞ்சு அரண்மனைகளைப் பார்த்துச் செய்த கொடியும் சுருளும் ஒருபால். நூற்றாண்டின் பின்பாதியில் இவையெல்லாம் பகட்டு என்று வெறுத்து எளிமையை நாடியவர்களும் தோன்றினர். ஆகவே அச்சொல் ஒரு காலத்தைக் குறிப்பதேயன்றி ஒரு பாணியைக் குறிப்பதன்று. எனினும் அக்காலத்துக் கதிரைகளுள் முதுகுச் சட்டம் வட்டமாக வளைந்து நடுவே வெறுமையாய் விடப்பட்டதும், முன்கால்கள் கடைசலிற் பருமனாகத் திரண்டதும் நம் பழைய வீடுகளில் அதிகம் காணப்படுவன. மேசைகளுள் ஒற்றைத் தண்டின்மேல் நின்று கீழே மூன்று பாதமாகப் பிரியும் வட்ட மேசை அத்தகையது.

1851ஆம் ஆண்டு இலண்டனிலே பளிங்கு மாளிகையில் நடந்த உலகப் பெருங்காட்சிக்கு இலங்கையும் தன் பொருள்களை அனுப்பியது. காலித் துறைமுகமே அன்று தபாற்கப்பல்கள் தங்கிச் சென்ற இடம். அப்பகுதித் தச்சர் கருங்காலியிற் செதுக்கிய கதிரைகளையும், பல நிற மரங்களைத் துண்டு துண்டாகப் பதித்த வட்ட மேசைகளையும் இயற்றிப் பயணிகளுக்கு விற்றனர். மொறட்டுவைத் தச்சரின் புகழ் தீவெங்கும் பரவியது. கொழும்பிலே 1860இல் தொடங்கிய எச். டொன் கரோலிஸ் தளபாட நிறுவனம், அநகாரிக தர்மபால அவர்களின் தந்தையார் நிறுவியது. விக்ரோரியா காலத்துத் தளபாடம் என்றதும் அனைத்தும் சீமையிலிருந்து வந்தன என்று கொள்வது பெரும்பிழை என்பதற்கு இவை போதிய சான்று. நம் பகுதியிலும் துரைமார் பங்களாவுக்கும், கச்சேரிக்கும், வாடிவீட்டுக்கும், உடையார், மணியகாரர் வீடுகளுக்கும் வேண்டியவற்றுட் பெரும்பங்கை இந்நாட்டுத் தச்சரே செய்தளித்தனர். மாதிரிக்கு ஒரு கதிரையோ, படப்புத்தகத்தின் ஓர் ஏடோ அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

ஆதலின் முதலிற் பார்க்கவேண்டியது வடிவத்தையன்று; மரத்தை. சீமையில் அக்காலத்தே மகோக்கனி, வால்நட், ஓக் முதலிய மரங்களைப் பயன்படுத்தினர். விலையுயர்ந்த மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, மலிந்த மரத்தின்மேல் வச்சிரப் பசைகொண்டு ஒட்டுவது அவர்களின் பெருவழக்கு. நம் மாரிகாலத்து ஈரத்தில் அப்பசை இளகும், ஏடு கிளம்பும். இந்நாட்டுத் தச்சனுக்கோ அத்தகைய சிக்கனம் வேண்டியிருக்கவில்லை. நல்ல மரம் காட்டில் நின்றது. முழுமரத்திலேயே செய்தான். இருக்கைக்குப் பஞ்சுத் திணிப்பை விட்டுப் பிரம்பு பின்னினான். வெப்ப நாட்டில் அதுவே உடம்புக்கு இதம். ஏடொட்டிய மேசை, திணித்த இருக்கை என்றால் சீமையை நினைக்கலாம். முழுமரம், பிரம்பு என்றால் இந்நாட்டுக் கையை நினைக்கலாம். இதற்கு விலக்குகள் உண்டென்பதையும் மறத்தலாகாது.

வன்னிநாட்டார்க்கு முதிரையையும் கருங்காலியையும் அறிமுகஞ் செய்தல் மீனுக்கு நீந்தக் கற்பிப்பது போலாம். ஆயினும் நம் இளைஞருட் பலர் அவற்றை விறகாகவும் வேலிக்கட்டையாகவும் மாத்திரமே அறிவர். முதிரையின் பொன்மஞ்சள் நிறமும், சாய்த்துப் பிடிக்கும்போது பட்டுச்சேலைபோல் ஓடும் ஒளிவரியும் ஆங்கிலேயரை மயக்கின. ஆதலாலேயே பட்டுத்துணியின் பெயரால் அம்மரத்தை அழைத்தனர். அதன் வலிமைக்குப் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் அமைந்த பாலம் ஒன்றே சான்று. 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டிய அப்பாலம் முழுவதும் முதிரை மரத்தால் ஆயது. 1905 வரை நின்றது. கருங்காலியோ நீரில் இட்டால் ஆழும். தென்னிலங்கை மழைக்காட்டிற்கே உரிய கலமந்தர் என்னும் மரமும் கருங்காலிக் குடும்பத்ததே. கபில நிறத்தில் கரிய கோடுகள் ஓடும் அம்மரம் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு அருகிவிட்டதென்று குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிலேயே வருந்தினார். கலமந்தரால் ஆய சிறு பெட்டியொன்று கிடைப்பினும் அதனைக் கைவிடற்க.

மரத்தின் உள்ளிருக்கும் வைரத்தை அகக்காழ் என்றும், புறத்தேயுள்ளதைப் புறக்காழ் என்றும் தொல்காப்பியர் மரபியலிற் பிரித்தார். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது மாணவர் கொட்டாவி விடுவர். ஆனால் போலிக் கருங்காலியைப் பிடித்தற்கு அப்பாகுபாடே உதவுகின்றது. கருங்காலியிற் கருமை அகக்காழுக்கே உரியது. புறத்தேயுள்ள வெளிறு கருமையற்றது. வேறு மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றிக் கருங்காலியென விற்பது இன்று நேற்றுத் தோன்றிய வஞ்சகமன்று. அத்தகைய கதிரையைக் கவிழ்த்து, திருகாணி ஒன்றைக் கழற்றி, அத்துளையினுள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். சாயம் மேலே நின்றுவிடும். உள்ளே மரத்தின் இயற்கை நிறம் தோன்றும். கையில் எடுத்த அளவிலேயே பாரமும் உண்மையைச் சொல்லும்.

பூவரசையும் ஒரு வார்த்தை சொல்லாதுவிடின் என் ஊர் என்னை மன்னியாது. வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள எம்மூர்க் குளத்துக்கே பெயர் தந்த மரம் அது. வேலியோரத்து மரமென்று இகழப்படும் அதன் முதிர்ந்த வைரம் செம்மை கலந்த கபில நிறமுடையது, இழைப்புக்கு இணங்குவது. அதனால் ஆய பழைய பொருள்களை வியாபாரிகள் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் பொருட்படுத்தாமையே நமக்கு நன்மை.

நிற்க. மரத்தை அறிந்தபின் ஆணியையும் பூட்டையும் நோக்குக. திருகாணியின் நுனி கூர்மையின்றி மொட்டையாய் இருப்பின் அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியது. கூர்நுனித் திருகாணியை இயந்திரத்தாற் செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை வாங்கி நெற்றில்போல்ட் என்பார் சேம்பர்லேனோடு கூடிப் பர்மிங்காமில் அதனைப் பெருந்தொழிலாக்கியது 1854இலேயாம். திருகாணித் தலையிற் சிலுவைபோன்ற வெட்டு இருக்குமாயின் அது 1930களுக்குப் பிற்பட்டது. அத்தகைய ஆணி ஒன்று இருந்த மாத்திரத்தில் பொருள் முழுவதும் புதிதென்று துணியற்க, பின்னாளிற் பழுதுபார்த்தவன் இட்டதாயும் இருக்கலாம். பூட்டிலோ பிணைச்சலிலோ சாய்சதுர வடிவான ஒரு முத்திரை இருப்பின், அது 1842 முதல் 1883 வரை பிரித்தானியாவிற் பதிவான வடிவங்களுக்கு இட்ட அடையாளம். 1884 முதல் அதனிடத்தே வெறும் எண் வந்தது. ஆயினும் பூட்டு சீமையதாயிருப்பின் பெட்டியும் சீமையதாதல் வேண்டுமென்பதில்லை. பித்தளைப் பூட்டையும் சில்லையும் வருவித்து நம் தச்சன் தன் மரத்திற் பூட்டினான்.

ஆங்கில நூல்களைப் படித்துவிட்டு அவற்றின் விதிகளை அப்படியே இங்குப் பொருத்துவாரும் உளர். வாள் பதிந்த கோடு நேராக இருப்பின் கைவாள், ஆதலால் மிகப் பழையது, வளைவாக இருப்பின் இயந்திர வட்டவாள், ஆதலாற் புதியது என்பது அவ்விதிகளுள் ஒன்று. நம் நாட்டிலோ கிடங்கு வெட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று மரம் அரியும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நிலவியது. ஆகவே நேர்கோடு இங்கே வயதுக்குச் சான்றாகாது. அதனினும் நம்பத்தக்கது வட்ட மேசையை அளத்தல். மரம் உலருந்தோறும் நார் ஓடும் திசையிற் சுருங்குவது மிகக் குறைவு; குறுக்கே சுருங்குவது அதிகம். நூறாண்டு கண்ட முழுமர வட்டப்பலகையை இருதிசையும் அளந்தால் இரண்டு அளவும் ஒவ்வா. அளவு நாடா ஒன்றே இதற்குக் கருவி. லாச்சியை முழுதும் இழுத்தெடுத்து அதன் பக்கப் பலகைகள் சந்திக்கும் மூலையையும் பார்க்க: புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருப்பின் அது கைவேலை, அச்சிலிட்டாற்போல் ஒரே அளவாயிருப்பின் பெரும்பாலும் இயந்திரவேலை.

பலரும் பெருமையோடு காட்டும் வளைந்த மரக் கதிரையைப் பற்றியும் கூறல் தகும். வியன்னாக் கதிரை என்று உலகறிந்த அது, தொனெற் என்பார் 1859இல் வெளியிட்ட பதினான்காம் இலக்க வடிவத்தின் வழிவந்தது. பீச் மரத்தை ஆவியில் வாட்டி வளைத்து, ஆறே மரத்துண்டுகளைத் திருகாணியாற் பொருத்தியது. கழற்றிய நிலையில் 36 கதிரைகள் ஒரு கனமீற்றர்ப் பெட்டியில் அடங்கும் என்பதனாலேயே அது கப்பலேறி உலகெங்கும் சென்றது. 1869இல் காப்புரிமை முடிந்தபின் வேறு பலரும் அதனைச் செய்தனர். இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தே ஒட்டுத்தாளோ சூட்டுக்குறியோ இருப்பின் செய்தவர் பெயர் தெரியவரும். இல்லையேல் அதுவும் எண்ணற்ற கதிரைகளுள் ஒன்றே. அழகிற் குறைவில்லை, அருமை இல்லை.

இனி விலை. நம்மவர் இதில் இருவகையாக மயங்குகின்றனர். பழையதெல்லாம் பொன் என்பார் ஒருசாரார். பழையதெல்லாம் விறகு என்பார் மறுசாரார். இங்கிலாந்திலே விக்ரோரியா காலத்துக் கபிலநிறப் பெருந்தளபாடங்களின் விலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தின் பின் மிக வீழ்ந்துவிட்டது. வீடுகள் சிறுத்தன, விருப்பம் மாறியது, மலையளவு அலுமாரியை வைக்க எவருக்கும் இடமில்லை. ஆகவே விக்ரோரியா என்ற பெயர் மாத்திரம் எப்பொருளுக்கும் விலை ஏற்றிவிடாது. விலையைத் தாங்கி நிற்பன மரத்தின் அருமை, வேலையின் நயம், முழுமை, வந்த வழி ஆகியனவே. இன்று வெட்டுதற்கரிய கருங்காலியாலும் கலமந்தராலும் ஆயவற்றுக்கு நாட்டமுடையார் என்றும் உளர். ஒரே தச்சன் கைப்பட்ட ஆறு கதிரைகள் கூடியிருப்பின், தனிக்கதிரை விலையின் ஆறு மடங்கிலும் மிகுதியாக அவை மதிக்கப்பெறும். பிரித்து விற்றால் அம்மதிப்பு மீளாது. வந்த வழி என்றது, யாருக்காக, எப்போது, எங்கே செய்யப்பட்டதென்பதற்குரிய சான்று. இந்நாட்டுத் தச்சர் பொதுவாகத் தம் பெயரைப் பொறிப்பதில்லையாதலின், பழைய நிழற்படமொன்றோ, பற்றுச்சீட்டோ, திணைக்களத்தின் சூட்டுக்குறியோ பொருளுக்குப் பெயர்ச்சான்றாகின்றது. புகையிரதப் பகுதியின் சீ. ஜீ. ஆர். என்ற மூன்றெழுத்துக் கிடைப்பினும் அதனைத் தேய்த்து அழித்துவிடற்க.

தேய்த்தல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. விழாவுக்கு அழகுபடுத்துகின்றோம் என்று பழந்தளபாடத்தைச் சுரண்டி, கண்ணாடிபோல் மின்னும் வார்ணிசு பூசுவதைப் போன்ற கேடு பிறிதில்லை. அரக்குமெருகும், பல தலைமுறைக் கைகள் பட்ட வழவழப்பும் சேர்ந்து உண்டான நிறம் ஒருநாளிற் போகும். அதனோடு பெறுமதியிற் பெரும்பங்கும் போகும். மெல்லிய துணியால் தூசு துடைத்தலும், கறையான் ஏறாதவாறு காலின் கீழ்க் கல் வைத்தலும் போதும்.

யுத்த காலத்தில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவை சில; வழியில் இறக்கி விட்டவை பல. பெட்டகத்தைக் காவிச்சென்று பிள்ளையின் புத்தகத்தை விட்டுச்சென்றவர் உண்டு. மறுதலையாய்ச் செய்தவரும் உண்டு. அவர்களைக் குறைகூறல் அறமன்று. 2009இன் பின் பாதைகள் திறந்தன. மீளக் குடியேறியோர் வாசலுக்கு லொறிகளும் வந்தன. கூரையில்லாத வீட்டின் முதிரைக் கதவு, யன்னல் நிலை, தூண், சாய்மனைக் கதிரை எனக் கண்டதையெல்லாம் அவ்வியாபாரிகள் வாங்கிச் சென்றனர். சமையலுக்கு அரிசி இல்லாதவன் விலைபேச வல்லனோ? பேரம் எப்போதும் ஒருபக்கமே சாய்ந்தது. எம் அயலிலுள்ள பாடசாலை ஒன்றில் பன்னிரண்டு முதிரைக் கதிரைகள் கால் முறிந்தன என்ற காரணத்தால் விறகுவிலைக்குப் போயின. முறிந்தவை இரண்டே என்பதை ஏலம் முடிந்தபின் அங்குக் கற்பித்த நண்பர் சொல்லக் கேட்டேன். வாங்கியவர் அவற்றை விறகாக எரித்திருப்பார் என்று நம்புவார் யாருமிலர்.

கதிரையைப் போற்றுவது வெள்ளையன் ஆட்சியைப் போற்றுவதாகாதோ என்று இளைஞர் ஒருவர் என்னை வினவினார். நல்ல வினா. கைப்பிடியுள்ள கதிரை ஒருகாலத்தில் அதிகாரத்தின் அடையாளமாகவே இருந்தது. அதில் இருக்கத் தகுந்தவர் யார், தரையில் இருக்கவேண்டியவர் யார் என்பதை வெள்ளையர் மட்டுமன்றி நம்மவரும் விதித்தனர். யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் வாங்கில் இருத்தலாகாதென்று தடுக்கப்பட்டனர். அரசின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலேனும் சம ஆசனம் வேண்டுமென்ற கட்டளை 1930ஐ அண்டிய ஆண்டுகளில் வந்தபோது எழுந்த எதிர்ப்பில், பாடசாலைகள் தீயிடப்பட்டதும் நடந்ததே. வாலிபர் காங்கிரஸ் சமத்துவத்தின் பக்கம் நின்றது. கல்லூரிக் களஞ்சியத்தின் பின்னே கிடக்கும் நீண்ட வாங்குகளை நோக்கும்போதெல்லாம் எனக்கு இவ்வரலாறே நினைவில் எழுகின்றது. அவற்றிற் கலையழகு அணுவளவும் இல்லை. கொழும்பு வியாபாரி திரும்பியும் பாரான். நானோ கருங்காலிக் கதிரைக்கும் வாங்குக்கும் இடையே ஒன்றை மாத்திரம் காக்க முடியுமாயின் வாங்கினையே காப்பேன். என் கருத்தோடு முரண்படுவோர் பலர் இருப்பர், முரண்படுக. ஆனால் இரண்டையும் ஏலத்திற்கு அனுப்பிவிட்டு முரண்படுதலிற் பயனில்லை.

சட்டம் காக்கும் என்று வாளாவிருத்தல் இயலாது. நம் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதியைத் தொன்மைக்கு எல்லையாகக் கொண்டது. விக்ரோரியா அரியணை ஏறியது அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளின் பின். 1970இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய பொருத்தனை, நூறாண்டுக்கு மேற்பட்ட தளபாடங்களையும் பண்பாட்டுச் சொத்துக்களுள் ஒன்றாக எண்ணியது. இலங்கையிலும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம், அத்தகைய சொத்துக்கள் நாட்டைவிட்டுச் செல்லுவதற்கு உரிமப்பத்திரம் வேண்டுமென விதித்தது. ஆயினும் கல்லூரிப் பின்முற்றத்திலிருந்து லொறிக்கு ஏற்றுவதைத் தடுப்பது எந்தச் சட்டமுமன்று. அதிபரும் ஆசிரியரும் பழைய மாணவருமே.

செய்யவேண்டுவது பெருஞ்செலவுள்ளதன்று. ஏலத் திகதி குறிக்கப்படுமுன் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கமிட்டு, முன்னும் பின்னும் அடிப்புறமும் நிழற்படம் எடுத்து, நீள அகல உயரமும் மர வகையும் குறித்து ஒரு பதிவேடு எழுதுக. மரத்தை இனங்காண நூலறிவு போதாது. ஊரிலுள்ள முதிய தச்சர் ஒருவரை அழைத்து, அவருக்குக் கூலியும் கொடுத்து, அவர் சொல்வதை எழுதுக. அவருடைய பெயரையும் பதிவேட்டில் எழுதுக. எழுபது வயதைத் தாண்டிய பழைய மாணவர், இன்ன மேசை இன்ன அதிபர் காலத்தது என்று சொல்லவல்லார், விழாவுக்கு வரும்போது அரைமணி நேரம் அப்பின்முற்றத்திலும் செலவிடுவாராக. கழிக்கவேண்டியவை சில இருக்கவே செய்யும். உளுத்து மாவாய்ப் போனதை வைத்துப் பூசிப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அவற்றிலும் வைரம் பாய்ந்த கால்களையும் சட்டங்களையும் வேறாக்கி வைத்தால், எஞ்சியவற்றைப் பழுதுபார்க்க அவையே மரமாகும். அந்த முதிரையை இன்று எந்த மரக்காலையிலும் பெறுதல் அரிது. மரவேலை கற்கும் மாணவருக்கு அப்பழுதுபார்க்கும் பணியே ஒரு தவணைப் பாடமாக அமையலாம்.

கொழும்பு புறக்கோட்டையில் 1982 முதல் இயங்கும் ஒல்லாந்தர் நூதனசாலைக்கு உயர்வகுப்பு மாணவரை ஒருமுறை அழைத்துச் செல்வதும் நன்று. முன்னைய காலத்துத் தளபாடங்களை அங்கு கண்டவர்க்கு, விக்ரோரியா காலத்தவை எங்கே வேறுபடுகின்றன என்பது சொல்லாமலே விளங்கும். புகையிரதத்தில் வவுனியாவில் ஏறினால் ஒரு பகற்பயணம். ஆனால் அதற்குமுன் பின்முற்றத்துக் குவியலை மாரி தொடங்குமுன் கூரையின்கீழ்க் கொணர்தல் வேண்டும். அதற்கு ஆள்பலம் வேண்டின், சனிக்கிழமைகளில் எம்மூர்ப் பழைய மாணவர் சிலர் வர ஆயத்தமாயிருக்கின்றனர். அளவு நாடாவும் பதிவேட்டுக்கான கொப்பியும் அவர்களோடு வரும்.